இடது திருப்பம்

கடனுக்கு வந்த கார்.
நாற்பதாயிரம் தரவேண்டிய மீராலெப்பை
ஒரு மத்தியானம் இரண்டு பையன்களை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து
என் ஜெராக்ஸ் கடை முன்னால் நிறுத்தினார்.
"மோரிஸ் மைனர். அம்பத்தாறு மாடல்.
முப்பதுக்கு இதை வச்சுக்க,
மீதிப் பத்துக்கு நோன்பு கழியட்டும்" என்றார்,
நான்தான் அவருக்குப் பாக்கி என்பதுபோல.

கார்புரேட்டரைக் கழுவியதும் எஞ்சின் ஓடியது.
பிரேக் இரண்டு மிதிக்கு ஒருதடவை பிடித்தது.
ஹார்ன்தான் வாயே திறக்கவில்லை.
வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்தில் எஃப்.சி.
அன்று புதன்.

கீழக்கரையில் கேட்ட இடமெல்லாம்
"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கணும்க்கா" என்றார்கள்.
கம்ப்யூட்டரைச் சொருக இதில் ஓட்டை ஏது?
கடைசியில் வந்தான் ராயப்பன்,
மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு டைனமோ கட்டுகிறவன்.
பானெட்டைத் தூக்கி, குனிந்து, மோந்து பார்த்தான்.
"உப்பு" என்றான்.

ஃப்யூஸ் கம்பி அறுந்திருக்கவில்லை.
அதன் பித்தளைத் தொப்பிகளில்
கிணற்றுப் படிபோல் பச்சை.
உப்பைப் போக்க உப்புத்தாளால் தேய்த்தான்.
பிறகு தன் எல்இடி டெஸ்டரை வைத்தான். எரியவில்லை.
"பேட்டரி செத்துருச்சு."
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
அதை அவனும் கவனித்தான்,
கொஞ்சநேரம் பேசவில்லை.
ஒயரை மாற்றிப் பிடித்ததும் பளிச்சென்றது டெஸ்டர்.
"ப்ளஸ்ஸைல்ல பாடியில குடுத்திருக்கான்!
கால் முந்திப் பொறந்த பிள்ளைக்கா இது."

ஹார்னைக் கழற்றி மணலில் வைத்து
நேராக மின்சாரம் கொடுத்தான்.
டிக்.
பல்லி சொன்ன மாதிரி ஒரே ஒரு டிக்.
நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியவில்லை.
முதுகில் ஒரு திருகாணி, கால் சுற்று. டிக்.
இன்னொரு கால் சுற்று. தொண்டை கனைப்பு.
அப்புறம் மயிரிழை அளவு
பாஆஆங்ங்
உடைமர நிழலில் கிடந்த ஆடுகள் எழுந்து நின்றன.
எதிர்வீட்டில் மீன் உரசிக்கொண்டிருந்த கை நின்றது.
நானும் ராயப்பனும்
இனி ஒன்றுமில்லை என்று டீ குடித்தோம்.

திரும்ப மாட்டி
ஸ்டியரிங் நடுவில் பொத்தானை அழுத்தினால், மௌனம்.

மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்தவன்
அரைமணி கழித்து அங்கிருந்தே சொன்னான்:
"எர்த் வரலைக்கா."
நாலு சக்கரமும் விரற்கடை மணலில் புதைந்து நிற்கிற வண்டி.
"இவ்வளவு பூமி போதாதா?" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. வாயில் துரு விழுந்திருந்தது.

சுரண்டச் சுரண்டத் துரு, அதன்கீழ் பெயிண்ட்,
பெயிண்டுக்குக் கீழே இன்னொரு நிறத்தில் பெயிண்ட்,
கடைசியில் மீன்வயிறுபோல் வெள்ளையாக இரும்பு.
அங்கே ஒரு ஒயரைக் கட்டினான்.
மஃரிப் பாங்கு முடியட்டும் என்று காத்திருந்து அழுத்தினோம்.
கேட்டது.
எழுநூறு கொடுத்தேன், நூறைத் திருப்பித் தந்தான்.
பேட்டரி செத்தது என்று சொன்னதற்கு.

வெள்ளி காலை, முதல் இடது திருப்பத்தில்
நான் அழுத்தாமலே கத்தியது.
நேராக வந்ததும் அடங்கியது.
திருப்புல்லாணி தாண்டுவதற்குள் ஆறு இடதுகள்.
லாரிக்காரன் ஒதுங்கினான்,
பால்காரர் கும்பிடு போட்டார்,
முன்னால் போன கல்யாண வேன்
எங்களையும் தங்கள் ஆள் என்று எண்ணிக் கையசைத்தது.

மைதானத்துக்குள் நுழைந்து இடப்பக்கம் ஒடித்தபோது
காதைப் பொத்திக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.
"கேட்டுருச்சும்மா, கேட்டுருச்சு. நிறுத்துங்க."
முத்திரை விழுந்தது.

"உள்ள ஒயரு உரசுது, தொடாதீங்கக்கா,
போட்டெல்லாம் கரைக்கு வரட்டும், வர்றேன்"
என்றான் ராயப்பன் போனில்.
போட்டுகள் எப்போதும் கடலில்தான் இருக்கின்றன.

அதுவரை வலது வலதாகவே ஓட்டுகிறேன்.
பேங்கு, மீன்கடை, பேப்பர் வாங்கும் கடை,
எல்லாவற்றுக்கும் ஊரை ஒரு வலம்.

மீராலெப்பை வீட்டுத் தெருவுக்கு மட்டும்
இடப்பக்கம் திரும்பியாக வேண்டும்.
தினமும் ஒருதடவை போய்வருகிறேன்.